பினாயில் கிராணியும் பன்னிரண்டு குச்சி சாத்தேயும்

கடவுளே நேரில் வந்து வாசலில் நின்றாலும், "முதல்ல கையக் கழுவிட்டு வாங்க, அப்புறம் வரம் குடுக்கலாம்" என்று திருப்பி அனுப்பக்கூடிய மனிதர் ஒருவர் இந்தப் பூமியில் இருந்தார். அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக் கிராணி. ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும் அவருக்கு உப தொழில். முக்கியத் தொழில் ஊரைக் கழுவுவது. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். தோட்டத்தில் அதை யாரும் கேட்டதில்லை. பினாயில் கிராணி என்றால் பக்கத்து டவுனான கம்போங் ராஜாவில் காய்கறி லோரி ஓட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும்.

போன வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது தொலைக்காட்சியில் ஒரு போட்டி பார்த்தேன். பத்துப் பதினைந்து பேரை ஒரு தீவில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். சவுக்காரம் கிடையாது, பல் விளக்கப் பிரஷ் கிடையாது, மாற்றுத் துணி கிடையாது. யார் கடைசிவரை தாக்குப் பிடிக்கிறாரோ அவருக்குப் பரிசு. ஒரு வாட்டசாட்டமான ஆள், மூன்று வாரமாகப் பல் விளக்கவில்லை என்று கேமராவைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தான். என் மருமகன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். எனக்கு ஆச்சரியமே இல்லை. பரிசும் கேமராவும் இல்லாமல் இதே போட்டியில் நான் நாற்பது நாள் இருந்தவன். ஆனால் எங்கள் போட்டிக்கு நடுவர் பினாயில் கிராணி. எங்கள் ஆட்டத்தில் அந்த வாட்டசாட்டமான ஆள் முதல் நாள் காலையிலேயே வீட்டுக்குப் போயிருப்பான்.

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. அப்போது நான் தோட்டத்தில் செக்ரோல் கிராணி. அதாவது யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று பெயர் குறிக்கிறவன். அதனால் பினாயில் கிராணியின் கண்ணில் தினமும் படவேண்டிய தலைவிதி எனக்கு.

ஆள் ஒல்லி. ஐம்பதைத் தாண்டிய வயது. அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, கழுத்தில் ஒரு விசில். லைன் வீடுகளுக்கு முன்னால் ஓடும் சாக்கடைக் காணில் சோற்றுப் பருக்கை ஒன்று மிதந்தால் போதும், விசில் அடித்துவிடுவார். பெண்கள் வெளியே வந்து, "இது எங்க வீட்டுச் சோறு இல்ல கிராணி, எங்க வீட்ல இன்னைக்குக் கஞ்சி" என்று சாட்சி சொல்ல வேண்டும். துண்டை முகர்ந்து பார்த்தே அது எத்தனை நாள் துவைக்காதது என்று சொல்லுவார். தபால்தலையை நாக்கில் தடவி ஒட்டுகிறவனை மனிதக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்.

கல்யாணம் ஆகாதவர். ஆகாமல் போனதற்கும் ஒரு கதை உண்டு. இளவயதில் தாப்பா பக்கம் பெண் பார்க்கப் போனாராம். பெண் வந்து நமஸ்காரம் செய்திருக்கிறது. இவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சரி, தண்ணித் தொட்டி எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். தொட்டியைக் காட்டினார்கள். உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே வெளியே நடந்து, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாராம். பெண் எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம், "தொட்டியில பாசி" என்றாராம்.

இன்னொரு விசேஷம், அவருக்குச் சாமி கிடையாது. கோயில் பக்கம் வருவார், காண் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார், போய்விடுவார். வெள்ளிக்கிழமை நகம் வெட்டினால் லட்சுமி போய்விடுவாள் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்க, அவர் ஆஸ்பத்திரிப் படியில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து, நகம் வெட்ட வெள்ளிக்கிழமைதான் நாள் என்று போர்டு எழுதி வைத்திருந்தார். ஒரு ஈ காக்கை அங்கே போனதில்லை. ஒவ்வொரு வெள்ளியும் தன் நகத்தை மட்டும் வெட்டிக்கொண்டு எழுந்துபோவார்.

இப்படிப்பட்டவரைத்தான் தோட்டத்து மேனேஜரான துரை காட்டுக்கு அனுப்பினார்.

மேலே மலையில் புதுத் தேயிலை நட ஒரு காட்டை வெட்டித் திருத்திக்கொண்டிருந்தோம். லோரி போகும் பாதை முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். தினமும் போய்வர முடியாது. ஆகையால் ஆட்கள் அங்கேயே ஒரு கொங்சி போட்டுத் தங்குவார்கள். கொங்சி என்றால் மூங்கில் தூண், தகரக் கூரை, நீளமாக ஒரே பலகைப் படுக்கை. முந்தின வருடம் போன கூட்டம் ஓடைத் தண்ணீரை அப்படியே குடித்து, அந்த ஓடைக்குப் பத்தடி தள்ளியே ஒதுங்கி, பாதி மாதத்தில் வயிறு கெட்டுச் சுருண்டது. நான்கு பேரைக் கோணி கட்டிய மூங்கிலில் போட்டுத் தூக்கிவந்து தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்கு பேரும் பிழைத்தார்கள், அதில் ஒருவன் பிழைத்ததே பெரிய காரியம்.

இந்த வருடம் துரை பினாயில் கிராணியை ஆபீசுக்கு அழைத்தார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

"கிராணி, இந்தத் தடவை நீயும் மேல போ. நாப்பது நாள். ஒரே ஒரு ஆள் வயிறு கெட்டுக் கீழ இறங்கினாலும், அவன் பின்னாலயே உன்னோட பெட்டியும் இறங்கும்."

அந்தக் காலத்துப் பழைய கிராணி ஒருவரிடம் கைவேலையாகத் தொழில் கற்றுக்கொண்டவர் பினாயில் கிராணி. காகிதத்தில் சான்றிதழ் எதுவும் கிடையாது. இந்தத் தோட்டத்தை விட்டால் வேறு தோட்டம் எடுக்காது. போய்ச் சேர உறவும் இல்லை, வீடும் இல்லை. ஆபீசை விட்டு வெளியே வந்ததும் என்னிடம், "மேல எத்தினி கட்டி சவுக்காரம் ஏத்தலாம்?" என்று மட்டும் கேட்டார்.

பன்னிரண்டு ஆட்கள், அவர்களில் மூத்தவர், வேலை வாங்குகிற கங்காணி. கணக்குக்கு நான், கழுவலுக்கு அவர். மொத்தம் பதினான்கு பேர் மலை ஏறினோம்.

முதல் நாளே கொங்சியிலிருந்து நூறு தப்படி கீழே குழி வெட்டி, தட்டி கட்டி, ஒரு கக்கூசு தயார் செய்தார். போகிறவன் ஒரு தகரக் குவளையில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும், திரும்பி வரும்போது குழியில் ஒரு கை சாம்பல் போட வேண்டும். ஓடைக்குப் பக்கத்தில் யாரும் ஒதுங்கக் கூடாது. தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். சாப்பிடுமுன் எல்லோரும் வரிசையாகக் கையை நீட்டிக் காட்ட வேண்டும். "கை!" என்று கத்துவார். எங்கள் ஆட்கள் பாராங்கத்தி பிடித்த கையை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும்.

ஐந்து நாள் அவர் தொண்டை கிழியக் கத்தினார். ஆறாம் நாள் பார்த்தால், கக்கூசுப் பாதையில் புல் முளைத்திருந்தது. ஆட்கள் பழையபடி புதர்ப் பக்கம்தான். கொதிக்க வைத்த தண்ணீர் அண்டாவில் அப்படியே இருந்தது.

அன்று கங்காணியை நிறுத்திக் கிருமியைப் பற்றி விளக்கினார். கங்காணி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அது எங்க இருக்கு கிராணி?" என்றார்.

"தண்ணியில. கையில. எல்லா எடத்திலயும் இருக்கு."

"எனக்குத் தெரியலயே."

"கண்ணுக்குத் தெரியாதுய்யா."

"கண்ணுக்குத் தெரியாது, எல்லா எடத்திலயும் இருக்கும், கோவம் வந்தா ஆளையே தூக்கிடும். அதானே?"

"அதேதான்!"

"அதத்தான் லா நாங்க சாமிங்கிறோம். சாமி இல்லன்னு சொல்ற, அது மட்டும் இருக்குதாக்கும்?"

பினாயில் கிராணி விசிலை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் தங்கவேலு என்று ஒருவன். மனைவிக்கு முடியாமலிருந்து குணமானதற்காகத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டு, மலை ஏறுமுன்பே கையில் காப்புக் கட்டியிருந்தான். அவனை இவர் ஒரு நாள் முழுக்கப் பின்னாலேயே சுற்றிக் கவனித்தார். விடியற்காலையில், பல் கிட்டிப்போகும் அந்தக் குளிரில், தங்கவேலு குளிக்கிறான். மாலையில் திரும்பவும் குளிக்கிறான். துணியைத் தினமும் துவைக்கிறான். அடுத்தவன் குவளையைத் தொடமாட்டேன் என்கிறான். மீந்த சோறு தொடுவதில்லை. கருவாடு கிட்டே வரக்கூடாது. கை கழுவாமல் ஒரு வாய் சோறு எடுப்பதில்லை. சொல்ல ஆள் இல்லை, விசில் இல்லை.

பினாயில் கிராணியின் கண் கலங்கிவிட்டது. "இந்த ஆள நான்தான்யா பெத்திருக்கணும்" என்றார் என்னிடம்.

மறுநாள் காலை அவர் செய்த காரியத்தை நான் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்கமாட்டேன். கங்காணியிடம் போய், "திருவிழாவுக்கு நாப்பது நாள்கூட இல்ல. நீங்க எல்லாருமே காப்புக் கட்டிக்கிட்டா என்ன? மரம் வெட்ற எடம், ஆத்தா துணையா இருப்பா" என்றார். ஆத்தா என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் கொங்சியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கங்காணி அவரை மேலும் கீழும் பார்த்தார். "கட்டிக்கலாம். நீங்களும் கட்டுவீங்களா?"

"நானா? நான் எதுக்கு?"

"நீங்க கட்டினா நாங்க கட்றோம். கட்டினவரு தீயும் மெரிக்கணும். பாதியில உட்டா ஆத்தா கேப்பா."

பினாயில் கிராணி யோசித்தார். என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், "தீ பரவால்ல. தீயில கிருமி செத்துடும். அதுக்கு அப்புறம் ஒரு பால்குழி வெட்டுவானுங்களே, அதான் யோசனையா இருக்கு" என்றார். நெருப்பில் நடந்து வந்தவர்கள் கடைசியில் காலை நனைக்கும் சின்னப் பள்ளம் அது. "ஒரே பாலு. எத்தினி காலு! நெனச்சாலே குமட்டுது."

ஆனாலும் கட்டிக்கொண்டார். பூசாரி கீழிருந்து வந்து, மஞ்சள் கயிற்றை எல்லோர் கையிலும் கட்டினார், என் கையிலும்தான். குளிர் மலையில் வேப்ப மரம் ஏது? ஈப்போவிலிருந்து யாரோ கொண்டுவந்த வேப்பிலை, அதுவும் பாதி காய்ந்தது. பூசாரி போட்ட சட்டங்களோடு பினாயில் கிராணி தன் சட்டங்களையும் நைசாகச் சேர்த்துவிட்டார். மஞ்சள் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர்தான் குடிக்க வேண்டும். ஒதுங்குவதற்கு ஒரே இடம்தான், மற்ற இடமெல்லாம் தீட்டு. கயிறு கட்டிய கையை ஒரு நாளைக்கு ஐந்து தடவை கழுவ வேண்டும். விரதத்தில் நகம் வெட்டக்கூடாது என்றார் பூசாரி. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, தேங்காய் நாரால் நகக்கண்ணைத் தேய்க்கலாம் என்று சமாதானம் செய்துகொண்டார்.

அதற்குப் பிறகு கொங்சியைப் பார்க்க வேண்டுமே! காலை ஐந்தரைக்கு ஓடைக்குக் கீழே பதினான்கு பேர் "ஊ, ஊ" என்று கத்திக்கொண்டு குளிக்கிறோம். கொடியில் துணி வெள்ளை வெளேரென்று தொங்குகிறது. கக்கூசுப் பாதை தேய்ந்து பளபளக்கிறது. கங்காணி ஒளித்து வைத்திருந்த கருவாட்டுப் பொட்டலத்தைத் தானே கொண்டுபோய்க் குழியில் போட்டார். ஈ கிடையாது. இருமல் கிடையாது. பினாயில் கிராணியின் விசிலில் துரு ஏற ஆரம்பித்தது. மூன்று வாரம் இப்படிப் போயிற்று. அவர் முகத்தில் லேசாகச் சதைகூடப் போட்டிருந்தது.

எல்லாவற்றையும் கெடுத்தவன் நான்.

ரேஷன் சாமான் வாங்க, மலை ஏறிய முப்பதாம் நாள் நான் கம்போங் ராஜாவுக்கு இறங்க வேண்டியிருந்தது. காப்புக் கட்டியவன் எல்லை தாண்டினால் அன்றே திரும்பிவிட வேண்டும், வெளியில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது என்று கங்காணி சொல்லி அனுப்பினார். நானும் உறுதியாகத்தான் போனேன். லோரியில் அரிசி ஏற்றும்போது காற்று ஒரு வாசனையைக் கொண்டுவந்தது. சாலையோரத்தில் ஒருவர் கரியடுப்பை விசிறிக்கொண்டு, குச்சியில் குத்திய கோழித் துண்டுகளை, அதாவது சாத்தே, சுட்டுக்கொண்டிருந்தார். மூன்று வாரமாகப் பருப்பும் பூசணிக்காயும் சாப்பிட்டவன் நான். ஒரு குச்சிதானே என்று நினைத்தேன். ஒன்று இரண்டாயிற்று. அரிசி மூட்டை தூக்கிய கையோடு, பன்னிரண்டு குச்சி.

மறுநாள் காலை என் வயிறு பேச ஆரம்பித்தது. குளியலுக்கு முன் இரண்டு தடவை, குளியலுக்குப் பின் இரண்டு தடவை அந்த நூறு தப்படியையும் ஓடினேன். ஐந்தாவது தடவை திரும்பி வந்தபோது, ஆட்கள் வேலைக்குப் போகாமல் கொங்சி வாசலில் வட்டமாக நின்றிருந்தார்கள்.

"என்னா சின்னக் கிராணி, ஓட்டமா இருக்கு?" என்றார் கங்காணி.

தங்கவேலு என்னை முறைத்தான். "டவுனுக்குப் போயிட்டு வந்தாரில்ல. காப்ப மீறியிருக்காரு. ஒரே கொங்சியில ஒருத்தர் மீறினா எல்லாருதும் போச்சு. அவுத்துப் போட்டுட்டு வேலயப் பாருங்க."

இரண்டொருவர் கையில் கட்டிய கயிற்றைத் தொட்டார்கள். இன்னும் பத்து நாள் இருக்கிறது. கயிறு அவிழ்ந்தால் அன்று மாலையே ஓடைத் தண்ணீர், பழைய புதர், பழைய கதை. அப்புறம் ஒருவன் கோணியில் இறங்குவான். அவன் பின்னால் பினாயில் கிராணியின் பெட்டி இறங்கும். என் நாக்கு ருசிக்கு அந்த மனிதரின் சோறு போகப்போகிறது.

பினாயில் கிராணி என் தோளைப் பிடித்துக் கொங்சிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"உண்மையச் சொல்லு. என்னா தின்ன?"

"சாத்தே."

"எத்தினி குச்சி?"

"பன்னெண்டு."

"கை கழுவினியா?"

நான் தலையைக் குனிந்தேன்.

"கோழி தின்னத மன்னிக்கலாம். சாமியே மன்னிச்சிடும்" என்றார். "கை கழுவாமத் தின்னியே, பாவி!"

பொய் சொல்வது அவருக்கு வராது. துரையின் மனைவி தன் நாய் சுத்தமா என்று கேட்டபோதுகூட, "இல்லைங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னவர். அப்படிப்பட்டவர் வெளியே போய், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கூட்டத்துக்கு முன்னால் நின்றார்.

"யாரும் எதையும் மீறல. நான்தான் அவருக்கு விளக்கெண்ண குடுத்தேன். வெளிய மட்டும் குளிச்சா விரதமா? உள்ளயும் கழுவணும். மூணு வாரம் ஆச்சுன்னா குடல கழுவிடணும். இது உள்சுத்தம்."

தப்பித்தோம் என்று நான் மூச்சு விடுமுன், கங்காணி தொண்டையைக் கனைத்தார்.

"அப்ப எங்களுக்கு?"

"உங்களுக்கு என்ன?"

"அவருக்கு மட்டும் உள்சுத்தம், எங்களுக்கு இல்லயா? நாங்க என்னா எளப்பமா? தீ மெரிக்கப் போறது நாங்க லா!"

"ஆமா, எங்களுக்கும் குடுங்க" என்றான் தங்கவேலு. எல்லோரும் கையை நீட்டினார்கள். முப்பது நாளில் முதல் தடவையாக அவர் "கை!" என்று கத்தாமலே நீட்டினார்கள்.

விளக்கெண்ணெய் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பஞ்சமே இல்லாத மருந்து. பெரிய சீசா ஒன்று அவர் பெட்டியில் இருந்தது. வேறு வழியில்லாமல் அடுத்த நாள் விடியற்காலையில் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கரண்டி ஊற்றினார். என்னிடம் ரகசியமாக, "மத்தியானத்துக்குள்ள அடங்கிடும். இன்னைக்கு ஒரு நாள் துரை மட்டும் வராம இருந்தா சரி" என்றார்.

மனிதர் வாயைத் திறந்திருக்கக் கூடாது. எட்டரை மணிக்குப் பனி விலகியது. பனிக்குள்ளிருந்து தொப்பியும் கைத்தடியுமாகத் துரை வந்தார்.

வந்தவர் பார்த்த காட்சியைச் சொல்கிறேன். ஒரே கக்கூசு. அதற்குள் ஒருவன். முன்னால், மலைச்சரிவில், பதினோரு ஆண்கள், கையில் தகரக் குவளையோடு, வரிசையாக நிற்கிறார்கள். ஒருவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். ஒருவன் கண்ணை மூடி முருகா முருகா என்கிறான். உள்ளே இருப்பவனை வெளியே இருப்பவன், "சீக்கிரம் லா, செத்துடுவேன்" என்று கெஞ்சுகிறான். நாலா பக்கமும் காடு, புதர் புதராகக் காத்திருக்கிறது. ஒருவன்கூட வரிசையை விட்டு நகரவில்லை.

"கிராணி!" துரையின் குரல் மலையில் எதிரொலித்தது. "ஒரு ஆள் வயிறு கெட்டாலும்னு சொன்னேன். பன்னெண்டு பேருக்குமா?"

பினாயில் கிராணி விறைப்பாக நின்றார். எல்லாம் என்னால்தான் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். என்னை முந்திக்கொண்டு, வரிசையில் நான்காவதாக நின்ற கங்காணி, இடுப்பை வளைத்துக்கொண்டே கத்தினார்.

"நோவு இல்ல துரை! நாங்களாக் கேட்டு வாங்கிக் குடிச்ச மருந்து! அவரு தரமாட்டேன்னுதான் சொன்னாரு!"

"கேட்டு வாங்கினீங்களா? எதுக்கு?"

"சுத்தத்துக்குத் துரை!"

துரைக்கு விளங்கவில்லை. வரிசையைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார். "இவ்வளோ காடு இருக்கு. ஏன் இங்க நிக்கிறீங்க?"

"வேற எடம் தீட்டு துரை" என்றான் தங்கவேலு, கண்ணைத் திறக்காமலே. அதற்குள் அவன் முறை வந்துவிட்டதால் மேற்கொண்டு விளக்கவில்லை.

துரை கைத்தடியைத் தரையில் ஊன்றினார். முந்தின வருடம் இதே மலையில் புதருக்குப் புதர் ஆட்கள் சுருண்டு கிடந்ததைப் பார்த்தவர் அவர். "நாளைக்குக் காலையில வரேன். மருந்துன்னா நாளைக்கு நிக்கணும். ஒருத்தன் ஓடினாலும் கிராணி என்கூடவே இறங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விளக்கெண்ணெய் சொன்ன சொல் தவறாதது. மாலைக்குள் பன்னிரண்டு பேரும் பூப்போல ஆகிவிட்டார்கள், உடம்பு காற்றாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் பெருமை பேசிக்கொண்டார்கள். பிரச்சினை பதின்மூன்றாவது ஆள். நான் குடித்தது விளக்கெண்ணெய் இல்லையே! உப்பும் சீனியும் போட்ட கஞ்சித் தண்ணீரைப் பினாயில் கிராணி மணிக்கொரு தரம் எனக்கு ஊட்டினார். ஒரு தடவைகூடத் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

மறுநாள் காலை துரை வந்தார். பன்னிரண்டு பேரும் கோடரியோடு நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். துரை ஒவ்வொருவராகப் பார்த்துத் தலையாட்டினார். சரி, போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. என் பக்கம் திரும்பி, "செக்ரோல எடு" என்றார். எடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கேள்வி. இந்த ஆள் எங்கே, அந்த ஆள் என்ன வேலை. என் வயிற்றுக்குள் லோரி ஒன்று கியர் மாற்றியது. நெற்றியில் அந்தக் குளிரில் வேர்வை. எனக்குப் பின்னால் நின்ற பினாயில் கிராணி, துரைக்குத் தெரியாமல் என் சட்டையின் பின்பக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில்தான் நான் நின்றேன். என் வாழ்க்கையில் பல துக்கங்களை அடக்கியிருக்கிறேன், அந்தக் கால்மணி நேரம் அடக்கியதைப்போல எதையும் அடக்கியதில்லை.

"நல்லா இருக்கு. இந்த வருசம் ஒருத்தனும் இறங்கல" என்றார் துரை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். அவர் தொப்பி முதல் வளைவில் மறைந்ததும் கிராணி என் சட்டையை விட்டார். அந்த நூறு தப்படியை நான் எத்தனை வினாடியில் கடந்தேன் என்று அளக்க அங்கே யாரிடமும் கடிகாரம் இல்லாமல் போய்விட்டது.

நாற்பதாம் நாள் ஒருவன் குறையாமல் கீழே இறங்கினோம். பினாயில் கிராணியின் பெட்டி அவர் வீட்டுக்கே திரும்பியது. வேலை காப்பாற்றியாயிற்று. இனி அந்த மஞ்சள் கயிற்றைக் கத்தரித்துப் போட்டுவிட்டுப் போனால் அவரை யார் என்ன செய்ய முடியும்? நான் கேட்டேன்.

"நான் உட்டுட்டா, இதெல்லாம் சும்மா ஏமாத்துன்னு நெனைப்பானுங்க. அடுத்த வருசம் எவன் தண்ணி காய்ச்சுவான்?" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீ மெரிக்காத. நீ சாமிய நம்புறவன். மனசு உறுத்தும்" என்று சொல்லி, என் நல்ல காலைத் தூக்கி மடியில் வைத்து, யாரும் கேள்வி கேட்காத அளவுக்குப் பெரிய கட்டாகப் போட்டுவிட்டார். நாற்பது நாளில் அது அவருடைய இரண்டாவது பொய். இரண்டும் எனக்காக.

திருவிழா அன்று நான் கட்டுப்போட்ட காலோடு பால்குழியின் ஓரத்தில் நின்றேன். கையில் ஒரு சொம்பு. வீட்டில் சொல்லித் தனியாகக் காய்ச்சி ஆறவைத்த பால். அவருக்கென்று கொண்டுவந்தேன்.

மேளம் முழங்கியது. கங்காணி முதலில் ஓடி வந்தார், பிறகு தங்கவேலு, பிறகு மற்றவர்கள். எல்லோரும் பால்குழியில் தொப் தொப்பென்று இறங்கி ஏறினார்கள். பால் சாம்பல் நிறமாகி, பிறகு கறுப்பாகி, பிறகு என்ன நிறம் என்று சொல்ல முடியாமல் போயிற்று. கடைசியில் வந்தார் பினாயில் கிராணி. அரைக்கால் சட்டைக்குப் பதில் மஞ்சள் வேட்டி. நெருப்பில் நிதானமாக நடந்தார். முகத்தில் பயம் என்பதே இல்லை. எல்லாத் தணலையும் தாண்டி வந்து, பால்குழியின் விளிம்பில், கடைசித் தணலின் மேலேயே, கப்பென்று நின்றுவிட்டார்.

"இறங்குங்க கிராணி!" ஊரே கத்தியது. அவர் அந்தக் குழியைப் பார்த்தார். முகம் அஷ்டகோணலாகியது.

நான் சொம்பை நீட்டினேன். "இத ஊத்துறேன் கிராணி, இங்குட்டு வாங்க!"

"காய்ச்சினதா?" என்றார், நெருப்பில் நின்றுகொண்டு.

"காய்ச்சி ஆற வெச்சது!"

அவர் சொம்பைப் பார்த்தார். குழிக்கு அந்தப் பக்கம் கறுத்த காலோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பன்னிரண்டு பேரையும் பார்த்தார்.

"காய்ச்சின பால எவனாவது கால்ல ஊத்துவானா? புள்ளைங்களுக்குக் குடு போ!" என்று என்னைத் திட்டிவிட்டு, கண்ணை இறுக மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாலுக்குள் இரண்டு காலையும் வைத்து இறங்கினார்.

கங்காணி அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். ஆட்டம் பாட்டம் எல்லாம் முடிந்தபிறகு பைப்படியில் அவர் சிவப்புச் சவுக்காரத்தால் நான்கு தடவை கால் கழுவியதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றியவன் நான்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரிப் படியில் அவர் வழக்கம்போலத் தனியாகக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தார். ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்த கையோடு பன்னிரண்டு பேர் வந்து வரிசையாக நின்றார்கள். நாற்பது நாள் வெட்டாத நகம். இரண்டு கையையும் நீட்டினார்கள்.

அவருக்குப் புரியவில்லை. "இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே?" என்றார்.

"லட்சுமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க வெட்டுங்க" என்றார் கங்காணி.

பினாயில் கிராணி குனிந்து கத்தரிக்கோலைப் பினாயில் தண்ணீரில் முக்கினார். முக்கிக்கொண்டே வெகு நேரம் இருந்தார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. "பினாயில் காட்டம்" என்றார். வரிசையில் பதின்மூன்றாவதாக நான் நின்றிருந்தேன்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமையில் நகம் வெட்டாதீர்கள் என்று என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவருகிறாள். மற்ற எல்லாவற்றிலும் அவள் பேச்சைத் தட்டாதவன் நான். இந்த ஒன்றில் மட்டும் கேட்பதில்லை. வெட்டி முடித்ததும், பார்க்க ஆளில்லாவிட்டாலும், இரண்டு கையையும் ஒரு தரம் நீட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.